முகவரியற்ற முதலாளிகள்

‘அமைப்புசாராத் தொழிலாளர்’ என்றொரு சொற்றொடர் நம் நாட்டில் அரசாணைகளிலும் செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் தாராளமாகப் புழங்கி வருகின்றது. மே முதல் நாளன்று, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளில், நம் ஆலயங்களில் ஆற்றப்படும் மறையுரைகளிலும் அது தவறாது இடம்பெறுகின்றது. சொல்பவர் இரக்கத்தோடுதான் சொல்லுகின்றார். கேட்பவரும் இரக்கத்தோடுதான் கேட்கின்றார். ஆயினும் அச்சொற்றொடருக்குள் ஒரு பொய் பதுங்கியிருக்கின்றது என்பதே நம் வழக்கு.

அமைப்பைச் சாராதவர் என்றவுடன், எந்த ஒழுங்கிலும் அடங்காது, தாமாக உழைத்து, தாமாகப் பசித்திருக்கும் ஒரு கூட்டம் நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. கல்லாமை, குடி, சோம்பல் ஆகியவற்றால் அவர்கள் அங்ஙனம் ஆயினர் என்றும், கல்வி பரவப் பரவ, தொழிற்சாலைகள் பெருகப் பெருக, அவர்கள் தாமே குறைந்து மறைவர் என்றும் நாம் ஆறுதல் கொள்கின்றோம். விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. கல்வி பரவியிருக்கின்றது, தொழிற்சாலைகளும் பெருகியுள்ளன. அவர்கள் மறையவில்லை. நடுவண் அரசு 2004-ல் அர்ஜுன் சென்குப்தா தலைமையில் அமைத்த ஆணையம் 2007-ல் அளித்த அறிக்கை, நாட்டின் உழைப்பாளருள் நூற்றுக்கு 92 பேர் பணிப் பாதுகாப்போ சமூகப் பாதுகாப்போ அற்றவர் எனக் கூறிற்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் கணக்கிட்டபோது, உலகெங்கும் இவ்வாறு வாழ்வோர் 200 கோடி. உழைப்போருள் நூற்றுக்கு 61 பேர். பத்துப் பேர் உள்ள வீட்டில் ஒன்பது பேர் திண்ணையில் உறங்குவாராயின், அவ்வீட்டுக்குத் திண்ணையே வீடு. உள்ளறையில் உறங்கும் ஒருவரே விதிவிலக்கு.

அவர்கள் அமைப்பைச் சாராதவர் அல்லர். மிக நுட்பமாக, மிகத் திறமையாக அமைக்கப்பட்ட ஓர் ஏற்பாட்டின் அடித்தளத்தில் இருப்பவர்கள். அவ்வேற்பாட்டின் முதல் இலக்கணம், முதலாளியின் முகவரியை மறைப்பது. இதனை வேறெங்கும் சென்று தேடவேண்டியதில்லை. காவிரியின் இரு கரைகளிலும், நம் திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும், கண்ணெதிரே காணலாம்.

முதலில் கல் தொழிலைப் பார்ப்போம். பிரெஞ்சு வேதியியலறிஞர் வெர்னேய் 1902-ல் செயற்கை மாணிக்கத்தை உருவாக்கும் முறையை உலகுக்கு அறிவித்தார். மண்ணுக்கடியில் விளைவதை உலையில் விளைவித்த அவ்வித்தை, சில பத்தாண்டுகளில் திருச்சியின் சந்துகளுக்கு வந்து சேர்ந்தது. அயல்நாட்டிலிருந்து வரும் கச்சாக்கல்லை அறுத்து, அரக்கினால் குச்சியில் ஒட்டி, சுழலும் சாணையில் பட்டை தீட்டி, மூக்குத்திக்கும் தோட்டுக்கும் மோதிரத்துக்கும் உரியதாக்கும் தொழில், நகரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. இம்மாவட்டத்தில் பிறந்து ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் அந்தச் சாணைச் சக்கரத்தின் ஒலி நினைவிலிருக்கும். குனிந்த முதுகு, கண்ணருகே பிடித்த குச்சி, விரல் நுனியில் படிந்த தூசு. சிறுவர் சிறுமியரும் அங்கே அமர்ந்திருந்தனர். குழந்தைத் தொழிலாளரைத் தடுக்க 1986-ல் எழுந்த சட்டம், குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்களித்திருந்தது. எனவே சக்கரத்தின்முன் அமர்ந்த பிள்ளைகளெல்லாம் காகிதத்தில் ‘குடும்பத்தார்’ ஆவது எளிதாயிற்று!

இத்தொழிலில் அமைப்பு இல்லை என்று எவரேனும் சொல்ல முடியுமா? கச்சாக்கல்லைத் தருவித்தவர் ஒருவர். அதனை எண்ணிப் பிரித்துக் கொடுத்தவர் இன்னொருவர். பட்டறை வைத்திருந்தவர் மற்றொருவர். தீட்டிய கல்லை மீண்டும் எண்ணி வாங்கி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் விற்றவர் வேறொருவர். எத்தனை கல், என்ன அளவு, எத்தனை பட்டை, என்றைக்குள் என அனைத்தும் வரையறுக்கப்பட்டிருந்தன. வரையறுக்கப்படாதிருந்தது ஒன்றே: தீட்டியவருக்கு யார் பொறுப்பு என்பது. பட்டறைக்காரர் வியாபாரியைக் காட்டினார். வியாபாரி சந்தையைக் காட்டினார். சந்தைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை.

பின்னர் நாட்டின் வாயில்கள் 1991-க்குப்பின் இறக்குமதிக்குத் திறந்தன. பொறியில் வெட்டப்பட்ட கற்கள் சீனத்திலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வந்து குவிந்தன. ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்னும் செயற்கை வைரமோ, மக்களின் நாட்டத்தையே மாற்றிற்று. சாணைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. ஓர் ஆலை மூடப்பட்டால் கதவில் அறிவிப்பு ஒட்டப்படும். இழப்பீடு பற்றிப் பேச்சு நடக்கும். சங்கம் கொடி பிடிக்கும். நாளிதழில் படம் வரும். இங்கே எதுவும் நடக்கவில்லை. ஏனெனில், சட்டத்தின் கண்ணில் அங்கே எவரும் வேலை செய்திருக்கவில்லை. பணியமர்த்தப்படாதவரை எங்ஙனம் பணிநீக்கம் செய்வது? ஒரு நகரத்தின் பெருந்தொழில் தேய்ந்தது. கணக்கில் ஒருவரும் வேலை இழக்கவில்லை. இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாட்டை நாம் கண்டதில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் பொன்மலை நிற்கின்றது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேப் பணிமனை 1928-ஐ ஒட்டிப் பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது, ஆட்குறைப்பை எதிர்த்து அவ்வாண்டே பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. 1946 செப்டம்பர் 5 அன்று, பொன்மலையில் காவலர் சுட்டதில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். நிரந்தர வேலை, எட்டு மணி நேரம், ஓய்வூதியம் என்று இன்று நாம் இயல்பாகப் பேசும் சொற்களுக்கெல்லாம் இத்தகைய விலை கொடுக்கப்பட்டிருக்கின்றது. ஆனால் அன்று போரிட்டவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. முதலாளி யார் என்று அவர்களுக்குத் தெரியும். அவனுக்கு ஒரு வாயிற்கதவு இருந்தது, சம்பளப் பேரேடு இருந்தது, முத்திரை இருந்தது. எதிரே நின்று கேட்க ஒரு முகம் இருந்தது. கல் தீட்டியவர் எந்தக் கதவின்முன் போய் நிற்பார்?

திருவெறும்பூரில் 1965-ல் எழுந்த மிகுமின் கொதிகலன் ஆலை இம்மண்டலத்தின் முகத்தையே மாற்றிற்று என்பதை எவர் மறுப்பர்? நம் பங்கு மக்களுள் பல குடும்பங்கள் அவ்வாலையால் தலைநிமிர்ந்தன. அதனைச் சுற்றித் துவாக்குடிப் பகுதியில் நூற்றுக்கணக்கான சிறு தொழிலகங்கள் தோன்றின. பற்றவைப்பவர், வெட்டுபவர், வளைப்பவர் எனப் பல்லாயிரம் கைகள் அங்கே இயங்கின. அனல்மின் நிலையங்களுக்கான வேலைப்பதிவுகள் 2012-ஐ ஒட்டிச் சரிந்தபோது பெரிய ஆலையின் நிரந்தரத் தொழிலாளர் மாதச் சம்பளம் பெற்றனர். துணைத் தொழிலகத்தில் அதே இரும்பை அதே தீயால் பற்றவைத்தவர் மறுநாளே வீட்டில் இருந்தார். சிறு தொழிலதிபரைக் குறைகூற நமக்கு மனமில்லை. வங்கிக் கடனுக்கு அவர் வீட்டுப் பத்திரமே அடகில் இருந்தது. நட்டத்தை மேலிருந்து கீழே தள்ளிவிடும் படிக்கட்டில் அவரும் ஒரு படி. கடைசிப் படிக்குக் கீழே வேறு படி இல்லை என்பதே வேறுபாடு.

சட்டம் இதற்குத் துணைநின்ற விதத்தையும் சற்று நோக்க வேண்டும். மின்விசையோடு 10 பேரும் மின்விசையின்றி 20 பேரும் வேலை செய்யும் இடமே தொழிற்சாலை என 1948-ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்தது. வருங்கால வைப்புநிதிக்கு 20 பேர் வேண்டுமென 1952-ஆம் ஆண்டுச் சட்டமும், ஒப்பந்தத் தொழிலாளருக்கான பாதுகாப்புக்கு 20 பேர் வேண்டுமென 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறின. நோக்கம் நல்லதே; சிறு பட்டறைக்காரரை நசுக்கிவிடலாகாது என்பது. விளைவு யாதாயிற்று? இருபதாவது ஆள் எங்குமே பிறக்கவில்லை! ஒரே கூரையின்கீழ் மூன்று பெயர்ப்பலகைகள், மூன்று பேரேடுகள், தலா 19 பேர். 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொகுப்புச் சட்டங்கள் இந்த எல்லைக்கோட்டைத் தாழ்த்தும் என எதிர்பார்த்தவர் ஏமாந்தனர். தொழிற்சாலைக்கு 20, மின்விசை இன்றேல் 40. ஒப்பந்தத் தொழிலாளருக்கு 50. அரசின் முன் அனுமதி பெற்றே ஆலையை மூட வேண்டும் என்ற விதி 100-லிருந்து 300-க்கு. பணி நியமனக் கடிதம் தரவேண்டும் என்று அவை சொல்லுவதும், இணையவழி உணவு சுமப்போரையும் வண்டியோட்டுவோரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதும் நன்றே; அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வலையின் கண்களைப் பெரிதாக்கிவிட்டு, ‘இனி எல்லா மீனும் அகப்படும்’ என்றால் நம்புவார் யார்?

நீதிமன்றமும் இவ்வழியில் ஒருமுறை பின்வாங்கியது. ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்ட வேலையில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் பணியாளர் ஆவர் என முன்னர் வழங்கிய தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2001-ல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் மாற்றிற்று. அதன்பின் அரசுத்துறைகளே ஒப்பந்தக்காரரை இடையில் நிறுத்தித் தம் முகவரியை அழித்துக்கொள்வது வழக்கமாயிற்று. தெருவைப் பெருக்குபவர் யாருடைய ஆள் என்று இன்று கேட்டுப் பாருங்கள்.

‘இத்தகைய சிதறிய தொழிலில் முதலாளியைக் கண்டுபிடிப்பதே இயலாது, தந்தையே, சட்டம் என்ன செய்யும்?’ என்று கற்றறிந்த நண்பர் சிலர் நம்மிடம் வாதிடுவதுண்டு. இயலாது என்பது உண்மையன்று; விருப்பமில்லை என்பதே உண்மை. பீடித் தொழிலைப் பாருங்கள். பெண்கள் தத்தம் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துச் சுற்றுவது. இதைவிடச் சிதறிய தொழில் எது? எனினும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளரே, இடைத்தரகருக்குப் பின்னே நிற்கும் கம்பெனியே முதலாளி என்றது. கம்பெனிகள் வழக்காடின. உச்ச நீதிமன்றம் 1974-ல் அச்சட்டத்தை உறுதிசெய்தது. வீட்டில் சுற்றுபவருக்கும் வருங்கால வைப்புநிதி உண்டு என 1985-ல் தீர்ப்பளித்தது. சுமை தூக்குவோருக்கென 1969-ல் மராட்டிய மாநிலம் இயற்றிய சட்டமோ, வணிகர் அனைவரும் ஒரு வாரியத்தின் வழியே ஆளெடுத்து, கூலியோடு மேல்வரியும் அவ்வாரியத்திலேயே செலுத்த வேண்டும் என்றது. சந்தையில் நூறு முதலாளிகள் இருந்தால் நூறு பேரும் சேர்ந்து ஒரே முதலாளி! எவ்வளவு எளிய எண்ணம்! நம் மாநிலமும் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றிற்று. அதன் பெயரிலேயே வேலையை ஒழுங்குபடுத்துதல் என்ற சொற்கள் இருக்கின்றன. நடைமுறையில் அது நலவாரியங்களாகக் கிளைத்து, திருமணத்துக்கும் மகப்பேற்றுக்கும் படிப்புக்கும் சாவுக்கும் உதவித்தொகை வழங்குகின்றது. அறுபது வயதுக்குப்பின் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஓய்வூதியமும் உண்டு. இவ்வுதவிகள் பல வீடுகளில் அடுப்பெரியச் செய்திருப்பதை நாமே அறிவோம். அவற்றை இகழ்வது பாவம். ஆனால் உதவித்தொகை அரசின் கை; கூலி முதலாளியின் கை. முன்னதை நீட்டிப் பின்னதை மறைத்துவிட்டோம். காந்தி சந்தையில் நள்ளிரவில் லாரியிலிருந்து வெங்காய மூட்டையை முதுகில் வாங்குபவருக்கு, அவர் இறந்தால் இவ்வளவு என்று வாரியம் சொல்லுகின்றது. அவர் முதுகு வளையும்போது யார் பொறுப்பு என்று எவரும் சொல்லவில்லை.

இதுவரை பொருளாதாரம் பேசினோம். ஆனால் அந்தத் திண்ணையில் யார் படுக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பொருளாதாரம் அன்று. அங்கே சாதி நுழைகின்றது; பெண் என்ற பிறப்பு நுழைகின்றது; கடன் நுழைகின்றது. சாக்கடையில் இறங்குபவர் எத்தெருவிலிருந்து வருகின்றார் என்பதை நாம் கேளாமலே அறிவோம். அரை நாள் பள்ளி, அரை நாள் பெற்றோரின் தொழில் என்று 1953-ல் கொண்டுவரப்பட்ட கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி எனக் கண்டித்துத் தமிழகம் ஓராண்டுக்குள் வீழ்த்தியது. சட்டத்தில் வீழ்ந்தது வாழ்க்கையில் வீழ்ந்ததா? தலித் கிறிஸ்தவருக்கோ இன்னொரு பூட்டும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்கான உரிமையை இந்துக்களுக்கே உரியதாக்கிற்று. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திறந்த அக்கதவு, திருமுழுக்குப் பெற்றவருக்குத் திறக்கவில்லை. அதை எதிர்த்து நாம் போராடுவது நீதியே. ஆனால் ஒன்று சொல்ல விரும்புகின்றோம். அரசு வேலைகளே ஒப்பந்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் நாளில், திறக்கும் கதவுக்குப் பின்னே இருக்கும் கூடமும் சுருங்கிக்கொண்டே வருகின்றது. கதவுக்காகப் போராடுபவர் கூடத்துக்காகவும் குரல் கொடுக்க வேண்டாமா?

ஆற்றில் நீர் உரிய காலத்தில் வராது குறுவை பொய்த்த ஆண்டுகளிலும், அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய பின்னரும், நாற்று நட்ட பெண்கள் நகரத்துக்குச் சித்தாளாக வந்தனர். விடியற்காலையில் நகரின் சந்திகளில் சோற்றுத் தூக்கோடு நிற்கும் கூட்டத்தைக் காணாதார் இலர். கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் என்று அங்கே படிநிலை உண்டு. சித்தாள் என்றால் பெண். இருபது ஆண்டுகள் கலவை சுமந்தாலும் கரண்டி பிடிக்க அவளுக்கு வாய்ப்பது அரிது. காலை பத்து மணிக்கு மேலும் அங்கே நிற்பவரைப் பார்த்து, ‘சோம்பேறிகள்’ என்று கூறிச் செல்பவரை நாம் கேட்டிருக்கின்றோம். திராட்சைத் தோட்ட உவமையில், மாலைவரை ஏன் நின்றீர்கள் என்ற கேள்விக்கு அவ்வேலையாட்கள் தந்த விடையை நினைவூட்டினால் போதும். அவர்கள் வேலை வேண்டாமென்று நின்றவர் அல்லர். எவரும் அழைக்காமையால் நின்றவர்.

பெண்களின் உழைப்பு மறைக்கப்படும் விதம் இன்னும் விந்தையானது. வீடு சந்திப்பின்போது ஓர் அம்மையாரிடம், ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டோம். ‘வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி, வீட்டுல சும்மாதான் இருக்கேன்’ என்றார். அவர் மடியில் பூ இருந்தது. மறுமொழி கூறும்போதும் விரல்கள் கட்டிக்கொண்டே இருந்தன. வியாபாரி காலையில் நிறுத்துக் கொடுக்கும் பூவைத் தொடுத்துக் கொடுத்தால் கூலி. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வட்டியும் அதில்தான் போகின்றன. திருவரங்கத்தில் தெருக்கள்தோறும் விற்கும் மாலைகளும் சரங்களும் இத்தகைய ‘சும்மா இருக்கும்’ விரல்களிலிருந்து வருபவையே. சும்மா இருப்பவருக்கு ஏது விடுமுறை, ஏது மருத்துவச் செலவு? ஒருகாலத்தில் திருச்சிச் சுருட்டு உலகப் புகழ் பெற்றிருந்தது. 1887-ல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதற்கதையில் அதன் சாம்பல்கூடத் துப்பாகப் பயன்படுகின்றது. சாம்பலுக்குக் கிடைத்த புகழ் சுற்றிய கைக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்லி வைப்போம்.

திருவரங்கம் இன்று ஓய்வுபெற்ற முதியோரின் ஊராகவும் ஆகிவிட்டது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அத்தீவில் மதில்சூழ் வீதிகளுக்கு அப்பாலும் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கின்றனர், பெற்றோர் இங்கே. அவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, இரவில் எழுப்பி அழைத்துச் செல்ல ஒரு பெண் வேண்டும். அவள் ஒரு முகவர் வழியே வருகின்றாள். பணம் கடல் கடந்து வருகின்றது. முகவர் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றார். அவளுக்கு முதலாளி யார்? மகன் என்றால், அவர் முகவரிடம் பேசச் சொல்வார். முகவர் என்றால், அவர் தாம் அறிமுகம் செய்தவர் மாத்திரமே என்பார். பெரியவரோ, ‘அவள் எங்களுக்கு மகளைப் போல’ என்பார். இந்தப் ‘போல’ என்ற சொல்லே நம்மை வெகுவாக அச்சுறுத்துகின்றது. மகள் என்றால் சொத்தில் பங்கு உண்டு. பணியாளர் என்றால் வார விடுமுறை உண்டு. ‘மகளைப் போல’ என்றால் இரண்டும் இல்லை. அவளைப் பெற்றவள் வேறோர் ஊரில் பார்ப்பாரின்றிப் படுத்திருக்கலாம்.

இது திருவரங்கத்தாருக்குச் சொன்னது என்று நம் வாசகர் நிம்மதி கொள்ள வேண்டாம். பாலக்கரையிலும் மேலப்புதூரிலும் ஜெபமாலை ஒலிக்கும் வீடுகளிலும் பாத்திரம் துலக்க ஒருவர் வருகின்றார் அல்லவா? வீட்டுப் பணியாளருக்கு மணிக்கு 37 ரூபாய் எனத் தமிழக அரசு 2018-ல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. அவ்வாணை வந்த செய்தியை அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்? அவர்களுக்கென நலவாரியம் 2007 முதல் இருப்பதை அவர்களிடம் சொன்னவர் எத்தனை பேர்? வீட்டுப் பணியாளரை ஒன்றுசேர்க்கும் இயக்கத்தை இந்நாட்டில் தொடங்கி வளர்த்தவர் பெல்ஜிய நாட்டிலிருந்து வந்த அருட்சகோதரி ஜீன் தெவோஸ். நம் கன்னியர் ஒருவர் தொடங்கிய இயக்கத்துக்கு நம் வீட்டுச் சமையலறைக்குள் இடமில்லை! பள்ளியும் விடுதியும் மருத்துவமனையும் நடத்தும் நிறுவனங்களும், அவற்றின் பெயருக்கு முன்னே எந்தப் புனிதர் நின்றாலும், சமையற்காரரையும் காவலாளியையும் எந்தப் பேரேட்டில் எழுதுகின்றன என்ற கேள்வியிலிருந்து விலக்குப் பெற்றவை அல்ல.

‘அவர்களே வைப்புநிதிப் பிடித்தம் வேண்டாம், கையில் கொடுங்கள் என்கின்றனர்’ என்பது அடுத்து வரும் விடை. உண்மைதான், கேட்கின்றனர். நாளை வட்டிக்காரன் வாசலில் நிற்கப்போகும்போது, முப்பது ஆண்டுக்குப்பின் வரும் பணத்தை எவர் எண்ணுவர்? முன்பணம் வாங்கியவர் பேரம் பேசுவதில்லை. இதைத்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-லேயே தம் சுற்றுமடலில் கண்டுகொண்டார். இருவர் ஒப்பினர் என்பதாலேயே கூலி நீதியாகிவிடாது. பிழைப்புக்கு வேறு வழியின்றி ஒருவர் ஒப்புவாராயின் அவர் வன்முறைக்கு ஆளானவரே என்பது அவர் போதனையின் சாரம். 2025-ல் திருப்பீடமேறிய திருத்தந்தை அதே பெயரைத் தெரிந்துகொண்டதற்கு அச்சுற்றுமடலையே முதன்மைக் காரணமாகக் கூறினார். ஆயினும் நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது, இரண்டாம் யோவான் பவுல் 1981-ல் உழைப்பைப் பற்றி எழுதிய மடல். அதில் அவர் ‘மறைமுக முதலாளி’ என்றொரு கருத்தை முன்வைக்கின்றார். நேரே கூலி கொடுப்பவர் ஒருவர். ஆனால் அந்தக் கூலியின் அளவையும் வேலையின் தன்மையையும் வரையறுக்கும் சட்டங்கள், வழக்கங்கள், நிறுவனங்கள், அரசுகள் அனைத்தும் பின்னே நின்று பொறுப்பேற்கின்றன. முகவரியை மறைத்துக்கொண்ட முதலாளியைத் தேடிப் புறப்பட்டால், வழி வியாபாரியின் கடையோடு முடிவதில்லை. மூன்று ரூபாய் மலிவாகக் கிடைக்கும் மூக்குத்தியை வாங்கியவரும், பத்து நிமிடத்தில் பிரியாணி வாசலுக்கு வரவேண்டுமென்று கைப்பேசியைத் தட்டுபவரும் அவ்வழியில் நிற்கின்றனர்.

கட்டடத் தொழிலில் மட்டும் இக்கருத்து ஓரளவு சட்டமாகியிருக்கின்றது. வீடு கட்டுபவர் மதிப்பீட்டில் நூற்றுக்கு ஒன்று எனத் தொழிலாளர் நலவரி செலுத்துகின்றார். அவர் மேஸ்திரிக்குத்தான் பணம் கொடுத்தார். சித்தாளின் பெயரையும் அறியார். எனினும் சட்டம் அவரிடம், ‘நீயும் பொறுப்பு’ என்கின்றது. அதே அளவுகோலைப் பூவுக்கும், இரும்புக்கும், உணவுப் பொட்டலத்துக்கும் நீட்டுங்கள் என்பதே நம் கோரிக்கை. கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலையும் ஈஸ்டருக்கு ஒரு படி அரிசியும் இதற்கு ஈடாகா. வாரத்துக்கு ஒருநாள் விடுப்பு, நோயுற்றால் பிடித்தமில்லாச் சம்பளம், மாதந்தோறும் தொகையும் தேதியும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. இவற்றுக்கு அரசாணை வேண்டுவதில்லை. ஒரு பேனா போதும்.

பேனாவைப் பற்றிப் பேசுவதற்கும் காரணம் உண்டு. நலவாரியத்தில் பதிவு செய்ய, இவர் இன்ன வேலை செய்கின்றார் என்ற சான்று வேண்டும். நம் பங்கில் ஒரு கைம்பெண்ணுக்காக அவ்விண்ணப்பத்தை நிரப்பி, அவர் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்து வரும் வீட்டுக்கு அனுப்பினோம். படித்தவர்கள், நல்லவர்கள், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர்கள். தேநீர் கொடுத்து அமரச் செய்தார்கள். ‘நாளை வழக்கு ஏதும் வந்துவிட்டால்?’ என்று தயங்கி, இரண்டு வாரத்துக்குப்பின் கையெழுத்திடாமலே திருப்பித் தந்துவிட்டார்கள். பின்னர் கிராம நிர்வாக அலுவலரின் சான்றைக்கொண்டு விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அதன் படி ஒன்று நம் மேசையில் இருக்கின்றது. ‘வேலை அளிப்பவரின் பெயரும் முகவரியும்’ என்ற இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போடப்பட்டிருக்கின்றது.